அடக்கிப் பழகிய உடம்பு

தொண்ணூறுகளின் நடுவில், எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் என் கண் முதலில் தேடியது கட்டணக் கழிப்பிடத்தைத்தான். போய்விட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததுமே மறுபடி போக வேண்டும் போலிருக்கும். போனால் சொட்டுச் சொட்டாக, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு தினமும் பாடம் நடத்தப் போய்வந்தேன். பஸ் ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கும்போது டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

"அது சூடு, அம்மணி. எளநீ குடிச்சுப்போட்டு, கால் பெருவெரல்ல சுண்ணாம்பு தடவிக்கோ" என்பார் மாமியார். தடவிக்கொண்டேன். டாக்டரிடமும் போனேன். மாத்திரை விழுங்கி எரிச்சல் அடங்கியதும் மாமியார் ஆரம்பிப்பார்: "மாத்தர அதவிடச் சூடு. செரியாயிருச்சல்ல, நிறுத்திப்போடு." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நிறுத்துவேன். மாதம் முடிவதற்குள் எரிச்சல் திரும்பிவிடும்.

ஒரு நாள் காலையில் சிவப்பாகப் போனது. முந்தின நாள் பீட்ரூட் தின்றேனா என்று யோசித்தேன். தின்னவில்லை. கிட்னிதான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேனோ, தெரியாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஸ்கேன் எடுத்துப் பாத்தரலாம், வா" என்றார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

ஸ்கேன் சென்டரில் இருந்த பெண் தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள். "நல்லாக் குடிச்சுப்போட்டு அடக்கிட்டு உக்காருங்க்கா. முட்டுனாச் சொல்லுங்க." மற்ற பெண்கள் நெளிந்தார்கள், எழுந்தார்கள், "ஐயோ, முடியலீங்க" என்று ஓடினார்கள். நான் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க்கா, இன்னும் முட்டலீங்களா?"

"இல்லீங்க."

கடைசியில் அவளே பொறுமையிழந்து என்னை உள்ளே படுக்க வைத்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்துத் திகைத்துப் போனார். "இவ்வளவு ரொம்பியிருக்குது, உங்களுக்குத் தெரியலீங்களா?"

தெரியவில்லை. போய்விட்டு வரச்சொல்லி மறுபடி பார்த்தார். இன்னும் பாதி உள்ளேயே நின்றது.

"என்ன வேலைக்குப் போறீங்க?"

"டீச்சருங்க."

"பள்ளிக்கூடத்துல பாத்ரூம் இல்லீங்களா?"

இருந்தது. பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த அறையில் எந்நேரமும் நாலைந்து ஆண் ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் போய் அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, நாங்கள் மூன்று டீச்சர்களும் காலையில் காபி குடித்தால் சாயங்காலம் வீடு வரும்வரை தொண்டையை நனைக்க மாட்டோம். யார் அதிகம் தாங்குகிறார்கள் என்று எங்களுக்குள் பெருமை வேறு.

"கிட்னி இப்போதைக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. அடக்கி அடக்கியே ரொம்பறது தெரியாம மரத்துப்போச்சு, உள்ள தேங்கறதுல கிருமி சேந்துதான் எரியுது, ரத்தமும் போகுது. இப்படியே அடக்குனா அதுவும் கெட்டுப்போகும். தண்ணி குடிங்க, வந்தா உடனே போங்க. மாத்திரையப் பாதியில நிறுத்தாதீங்க" என்றார். பிழைத்தேன் என்ற நிம்மதி பஸ் ஏறும்வரைகூட நிற்கவில்லை. அப்புறம் கோபம்தான் வந்தது. ஓர் ஆணிக்கும் நாலு மீசைக்கும் பயந்தா இத்தனை பாடு?

திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன். அடுத்த பீரியட் முடிந்ததும் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க டீச்சர், ஒடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க சார். ஒண்ணுக்குப் போகணும், சாவி வேணும்."

ஒருவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு ஆணியைத் துழாவினார். வாங்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தால், எங்கள் மூவரில் ஒருவரான கணக்கு டீச்சர் வாசலில் நின்றிருந்தார். சாவிக்காகக் கையை நீட்டினார்.