சிவப்புப் பொட்டு வைக்காத கணினி

ஸ்டெல்லா அக்கா வேலைக்குப் போன ஜீப் குமுளிச் சாலையில் கவிழ்ந்துவிட்டதென்று லயத்து வரிசை வீடுகளில் யாரோ கத்தியபோது, நான் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். கையில் நுரையோடு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எஸ்டேட் வாசகசாலைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வாரமெல்லாம் ஏலக்காய்க் கடையில் பில் போடுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வாசகசாலைக்கு வருவார். எஸ்டேட் ஆபீஸில் கழித்துக்கட்டிய மடிக்கணினிகளில் லினக்ஸ் என்ற திறந்த மென்பொருளை ஏற்றி நமக்குத் தந்தவர் அவர்தான். ஆனால் அவற்றின் வைஃபை, கம்பெனிக்காரன் பூட்டிக் கொடுக்கும் மென்பொருள் இல்லாமல் ஓடாது. "உள்ள என்ன இருக்குன்னு காட்டாதத நான் ஏத்த மாட்டேன்" என்று சொல்லி, பூட்டில்லாமல் ஓடும் யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை வாங்கி வந்தார். அதை முறை வைத்துக் கைமாற்றினோம். "குச்சி யாருகிட்டடி?" என்பதுதான் அந்த அறையில் அதிகம் கேட்ட வார்த்தை.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் கடைசி நாளில் நல்ல மழை. போனில் சிக்னல் இல்லை. எல்லோருக்கும் அந்த ஒரே குச்சிதான். மேரியின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"ஒங்க கொள்கை எனக்கு சீட்டு வாங்கித் தருமாக்கா?" என்று மேரி அழுதாள்.

அடுத்த ஞாயிறு அக்கா, ஒன்றைத் தவிர எல்லாக் கணினிகளிலும் பூட்டிய மென்பொருளை ஏற்றினார். ஏற்றியவற்றின் மூடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"இது எதுக்குக்கா? அழகுக்கா?"

"மறந்துறக் கூடாதுல்ல, அதுக்கு. வேற வழியில்லாமத்தான் உள்ள விட்டோம். தொறந்தது கெடைச்ச அன்னைக்குப் பொட்ட அழிச்சிரணும்."

நாளைக் காலை குமுளியில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர் வருகிறார். கணினிகளில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஏற்றப் போகிறார். வாசகசாலைச் செயலாளரான என் அப்பாதான் வரச் சொன்னார். நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"பிரிண்டர் ஓடணும், அம்புட்டுதான். இனி அந்தப் பொட்டிகளத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாசகசாலை பிரிண்டர் லினக்ஸில் இன்றுவரை ஓடவில்லை. அதற்கும் அக்கா வழி தேடிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பிரிண்டருக்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமா? அக்கா இருந்தால் கேட்டிருப்பார்.

பொட்டில்லாத அந்த ஒற்றைக் கணினியை எடுத்து வந்து, போர்வைக்குள் ஒளிந்து உங்களுக்கு இதைத் தட்டுகிறேன். அப்பா இருமினாலே மூடியைச் சாத்திவிடுகிறேன். காலையில் யாராவது வாசகசாலைக்கு வாருங்கள். தனியாக என்னால் தடுக்க முடியாது.

அக்காவுடையதாக என்னிடம் இருப்பது குச்சியும், பாதி காய்ந்த நகப்பூச்சுப் புட்டியும்தான். நாளை கடைக்காரர் முழுக்கப் பூட்டிய விண்டோஸை ஏற்றிவிட்டால் ஒரு பொட்டு போதாது, கணினி முழுவதும் சிவப்பாகப் பூச வேண்டியிருக்கும். புட்டியில் அவ்வளவு இல்லை.