ரம்புத்தான் தட்டுக்கு வந்த வெற்றிலை

லண்டனிலிருந்து கப்பலில் வந்த என் ஓவியப் புத்தகம் ஆப்பிளையும் திராட்சையையும் வரையச் சொல்கிறது. எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இப்போது ரம்புத்தான் பழக் காலம். நான் அதைத்தான் வரைவேன்.

காலையில் ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, வெளிச்சத்துக்காக வாசலருகே வைத்தேன். எவ்வளவு தீட்டியும் படம் எழவில்லை. ஒரே சிவப்பாக அப்பிக்கொண்டு கிடந்தது.

தூரிகை கழுவும் தண்ணீரை மாற்றிக்கொண்டு வருவதற்குள், பக்கத்து வீட்டுக் கனகாக்கா தட்டின் முன்னால் நிற்கிறார்.

"மாப்பிள்ளை வீட்டுத் தட்டா? ஒரு வார்த்தை சொல்லலியே நீ!"

"இல்லக்கா, படம் வரையறதுக்கு வச்சிருக்கேன்."

அவர் காதில் வாங்கினால்தானே!

"வெத்தலை இல்லாம தட்டு வைக்கலாமா?" என்று தன் வீட்டுக் கொடியிலிருந்து பறித்து வந்து, பழங்களுக்கு நடுவே செருகிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டையே கவிழ்த்திருப்பேன். நல்லவேளை, ஒருமுறை பார்த்தேன். அந்தப் பச்சை இல்லாமல்தான் படம் எழாமல் கிடந்திருக்கிறது!

மத்தியானமே முடித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாங்கள் குடியிருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க, மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார்கள்.

எனக்கு அவசரமில்லை. படத்துக்குத்தான் சுவர் பார்த்தாயிற்று. யாரிடமாவது நல்ல ஆணி இருக்கிறதா?