ஒரு துணிமேல் ஒரே ஒரு முறை

நவம்பர் 14, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பட்டியலில் நான்காம் எண்ணுக்கு எதிரே குறி போடவில்லை.

அன்று டைரியில் இவ்வளவுதான் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன். இது நடந்தது. எதையும் மூன்று முறை சரிபார்த்தும் என்னையே நம்பாத ஆள் நான். அதனால் அளவு நாடாவில் கண்டதையும் கடிகாரத்தில் கண்டதையும் மட்டுமே இங்கே வைக்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கும் நம்பாமல் இருக்கத்தான் ஆசை.

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் தேவாலயக் கூடத்தில் கேலிக் வகுப்பு; ஸ்காட்லாந்திலிருந்து வந்த எங்கள் முன்னோரின் மொழி அது. நடத்துபவர் அலெக் கில்லிஸ். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவில் அவரைவிட நன்றாகப் பாடுபவர்கள் உண்டு. அவரைவிடக் கூர்மையான நாக்கு உள்ளவர்கள் இல்லை. வகுப்பில் நாங்கள் துணி அடிப்போம். தறியிலிருந்து வந்த கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்து, நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்கு மேசையில் அடித்து அடுத்தவரிடம் தள்ள வேண்டும். சூரியன் போகும் திசையில் மட்டும். அடிக்க அடிக்கத் துணி சுருங்கி இறுகும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு துணிமேல் ஒரு பாட்டை இரண்டாம் முறை பாடக்கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. பாடியதைப் பாட்டுப் பட்டியலில் குறித்து வைப்பது என் வேலை.

அன்றைய துணி என் பெரியம்மா மகள் ஜெஸ்ஸியின் குழந்தைக்கான போர்வை. அவளுக்கு எட்டாம் மாதம். கணவன் தொலைவில், மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயல் வேலையில் இருந்தான். ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து டெரெக் என்பவன் எங்களைப் பதிவு செய்ய வந்திருந்தான். பாட்டுகளை இணையத்தில் போட்டால், ஊரை விட்டுப் போன எங்கள் ஆட்கள் எங்கிருந்தாலும் கேட்கலாம். எல்லாருக்கும் அதில் பெருமை. எனக்கும்தான்.

மாலை 6.40. நானும் ஜெஸ்ஸியும் மட்டும் வந்திருந்தோம். துணியை நனைத்து மேசையில் போட்டிருந்தோம். டெரெக் மைக்கைச் சோதிக்க வேண்டும் என்றான்.

"ரெண்டு பேர் போதும். சும்மா கொஞ்சம் பாடுங்க."

"மூணு பேருப்பா. இவனை விட்டுட்ட" என்று ஜெஸ்ஸி வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

நான்காம் எண் பாட்டில் மூன்று அடி பாடினோம். துணியை அடித்துக்கொண்டேதான் பாடினோம். சோதனைதானே என்று நான் குறி போடவில்லை.

8.38. எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. நாற்பத்தாறு அங்குலத் துணி நாற்பதுக்கு வந்திருந்தது. பாட்டுக்கு முக்கால் அங்குலம். சரியான கணக்கு. கடைசிப் பாட்டில் யாரோ இருமிவிட்டார்கள், இன்னும் ஒன்று வேண்டும் என்றான் டெரெக்.

"குமாஸ்தா அம்மா, மிச்சம் என்ன இருக்கு?" என்றார் அலெக்.

"நாலாம் நம்பர்..."

"ஏன் இழுக்கிற? அதைப் பாடலையா, இல்ல குறிக்கலையா? ரெண்டும் வேற வேற, பொண்ணே. நல்லவேளை, என் பஸ்ல பிள்ளைங்களை எண்ணுற வேலை உனக்கு இல்ல. பாதிப் பேரைப் பனியிலயே விட்டுட்டு வந்திருப்ப."

மேசையே சிரித்தது. ஜெஸ்ஸி கீழே என் காலை மிதித்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று அடி பாடினால் அது ஒரு பாட்டா?

"பாடல" என்றேன்.

8.41. அலெக் தொடங்கினார். தொப்... தொப்... தொப்...

மேசைக்கு எட்டுப் பேர், பக்கத்துக்கு நான்கு. ஜெஸ்ஸி எனக்கு வலப்புறம். வயிறு இடித்ததால் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். துணி அவளிடமிருந்துதான் எனக்கு வர வேண்டும்.

இரண்டாம் சுற்றில் அது தாமதமாக வந்தது. ஒரு தாளம்.

என் கைதான் தவறியது என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் கவனித்தேன். ஜெஸ்ஸி தள்ளினாள். கையை எடுத்துவிட்டாள். துணி எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

தொப்.

பிறகுதான் என்னிடம் வந்தது.

வெந்நீரில் நனைத்த துணி... ஐஸாக இருந்தது.

நிறுத்த நினைத்தேன். வாய் பாடிக்கொண்டே இருந்தது. ஜெஸ்ஸியும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

8.46. பாட்டு முடிந்தது. எட்டுப் பேரும் கையை எடுத்தோம்.

தொப்.



எனக்கும் ஜெஸ்ஸிக்கும் நடுவே, மேசை விளிம்பில், ஈரமாகப் பத்து விரல் தடங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தன.

துணியை அளந்தேன்.

முப்பத்தேழு.

ஒரே பாட்டில் மூன்று அங்குலம்.

"நாடாவையாவது நேராப் பிடிக்கத் தெரியுதா?" என்றார் அலெக். குரலில் வழக்கமான காரம் இல்லை. "வீட்டுக்குப் போங்க எல்லாரும்." துணியைக் காய வைத்து அலமாரியில் பூட்டச் சொன்னார். வாசலில் டெரெக் ஹெட்போனைக் கழற்றியபடி, "கடைசியில ஒருத்தர் தனியா அடிக்கிறீங்க. நல்லா இருக்கு. வெட்ட மாட்டேன்" என்றான்.

நவம்பர் 16. பாட்டு இணையத்தில் வந்தது. எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண் கீழே இருந்தது. பூஜ்யம். நான் கேட்கவில்லை.

நவம்பர் 18. கேட்பு 2. சாவி வாங்கி அலமாரியைத் திறந்து அளந்தேன். முப்பத்தாறு. காய்ந்த துணி இப்படிச் சுருங்குமா? நாடாவை மாற்றி அளந்தேன். முப்பத்தாறு.

நவம்பர் 23. கேட்பு 10. முப்பத்திரண்டு.

நவம்பர் 26. கேட்பு 16. இருபத்தொன்பது.

ஒரு கேட்புக்கு அரை அங்குலம். கணக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

அலெக்கிடம் போய்ச் சொன்னேன். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"அன்னிக்குப் பாடியிருந்தீங்க. அப்படித்தானே?"

"மூணே அடி. நானும் ஜெஸ்ஸியும்."

ஈரக் கையை உதறினார். "ஒரு குறி போட வேண்டிய வேலை. ஒரே ஒரு குறி. அதுக்குக்கூட ஆகாதவ நீ. ஜெஸ்ஸிகிட்ட வாயைத் திறந்தா பாரு. வயித்துப்பிள்ளைக்காரி பயந்து ஏதாவது ஆச்சுன்னா, அதையும் உன் தலையிலதான் எழுதுவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டை நீக்கச் சொல்லி டெரெக்குக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. 'உங்கள் பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுவதே அதுதான். யாரோ ஒருவர் தினமும் மாலையில் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பலமுறை. இப்படி ஒரு ரசிகர் இருக்கும்போது எப்படி நீக்குவது?'

டிசம்பர் 5. கேட்பு 29. இருபத்திரண்டரை. போர்வை என் கை நீளத்துக்கு வந்துவிட்டது. ஜெஸ்ஸி கடையில் என்னைப் பார்த்தாள். "என் போர்வையை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள். காய்கிறது என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு. மாலை 6.40க்குக் கேட்பு 37. பதினெட்டரை.

அதன் பிறகு எண் ஏறவில்லை.

டிசம்பர் 9. இரண்டு நாளாக அசைவு இல்லை என்று ஜெஸ்ஸி காலையில் மருத்துவமனைக்குப் போனாள். பிற்பகல் 3.15க்குக் குழந்தை பிறந்தது. பையன். அழவில்லை.

மாலையில் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"தினமும் கேக்க வெச்சேன் எஃபி" என்றாள். "போனை வயித்து மேல வெச்சு. நம்ம பாட்டு, நம்ம பேச்சு... பிறக்கும்போதே காதுல இருக்கட்டும்னு. மத்த பாட்டுக்கெல்லாம் சும்மா இருப்பான். அந்த ஒண்ணுக்கு மட்டும் துள்ளுவான். தாளம் போடறான்னு நினைச்சேன். அதனாலதான் ஞாயித்துக்கிழமையெல்லாம் திருப்பித் திருப்பி... நேத்து அசைவே இல்லையேன்னு இன்னும் வெச்சேன். கடைசி அடி இருக்கே, எல்லாரும் நிறுத்தினப்புறம் வருமே... அதுக்குக்கூட எழுந்திரிக்கல."

முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லி என்ன?

கட்டில் முனையில் ஓர் அட்டை தொங்கியது. எடை, நேரம், நீளம்.

நீளம் பதினெட்டரை அங்குலம்.

டிசம்பர் 10, செவ்வாய். பாட்டு இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது. கேட்பு 37. பட்டியலை எடுத்து நான்காம் எண்ணுக்கு எதிரே குறி போட்டேன். இரண்டு குறி.

நாளை: ஒன்பது மணிக்கு அலெக்கிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறக்க வேண்டும். பத்தரைக்குள் போர்வையை ஜெஸ்ஸியிடம் சேர்க்க வேண்டும். அவளே கேட்டாள், அவனுக்குச் சுற்ற. வெட்டவோ மடிக்கவோ வேண்டியிருக்காது.