பொன்முடியில் பெண் பார்த்த ஞாயிறு

ஒரு காரியத்தை ரகசியமாகச் செய்ய வேண்டும் என்றால் நீங்கள் எங்கே போவீர்கள்? திருவனந்தபுரமே திரண்டு போய் நிற்கும் இடத்துக்கா? என் அப்பாவும் அம்மாவும் போனார்கள்.

சாலை பஜாரில் எங்களுக்குப் பலசரக்கு மொத்தக்கடை. வீட்டில் வைத்துப் பெண் பார்த்து, அது சரிவராமல் போனால் பஜார் முழுக்கப் பேசும். பொன்முடி மலையில் என்றால் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கும் என்பது அப்பாவின் ஐடியா. பெண் நான்தான். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. சம்பந்தம் முடிவானால் சென்னை கிடையாது, ஆகாவிட்டால் போய்க்கொள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மே கடைசி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மலையைத் தின்று தீர்த்துவிட வேண்டும் என்று ஜனம் வந்திருந்தது. செக்போஸ்டிலிருந்தே கார் வரிசை. ஒவ்வொரு வளைவிலும் யார் வீட்டுக் குழந்தையோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரே பனிமூட்டம். எதிரில் நிற்கிற ஆள் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பின்னால் வைத்து எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள்.

பையனுக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. அவன் அம்மாவோடு வந்திருந்தான். அத்தனை பனியிலும் கூலிங் கிளாஸ்.

"சென்னைல வெயில் கொல்லும்லா?" என்றான்.

"கொல்லட்டும்."

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து எங்கள் பக்கத்துக் கடை மாமி முளைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாலை பஜாரில் கடை கிடையாது. லீவு என்றால் பஜார்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே மலை இதுதான். இதை யோசிக்க எங்கள் வீட்டில் ஒரு மூளை இல்லை.

"எந்தா மோளே, நீங்களும் வந்தாச்சா? இவங்க ஆரு?" மாமியின் கண் பையன் மேலேயே இருந்தது.

அம்மா பதறிவிட்டாள். "நம்ம சொந்தக்காரங்க. எங்க பெரியம்மா வழி. பையன் இவளுக்கு அண்ணன் முறை, கேட்டோ."

"அதான் பாத்தேன். மூக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல இருக்கு, அல்லே?" என்று சொல்லிவிட்டு மாமி நகர்ந்தாள்.

அவள் போகும்வரை பையனின் அம்மா பொறுத்திருந்தாள். "வேற முறையே ஒங்க வாயில வரலியா? அண்ணன்னு சொன்ன வாயால நாளைக்கி மாப்பிளேன்னு கூப்பிடுவியளா?"

"அவ ஒரு பேச்சுக்குச் சொன்னா," என்றார் அப்பா.

"முறைய யாராவது பேச்சுக்குச் சொல்லுவாவளா?"

நான் பையன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, டீ குடிக்கீங்களா?"

அவன் கூலிங் கிளாஸைக் கழற்றித் தன் அம்மாவைப் பார்த்தான். டீ குடிக்காமலே போய்விட்டார்கள். இறங்கும்போது எங்கள் காரில் அம்மா மட்டும் பேசினாள், அதுவும் பனியைத் திட்டி.

இப்போது தம்பானூர் ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். சென்னை வண்டி லேட்.