வாடகை வீடு கேட்ட இடத்தில் நான் சொன்ன பதில்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் ஆளாக்கினேன். பால்மரம் வெட்டிய கை இது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்ததில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன், மெதுவாக.

புக்கிட் ரோத்தான் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம். அதை முதலாளிகள் விற்றுவிட்டார்கள், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களுக்கென்று டவுன் ஓரத்தில் நாலு மாடியில் வாடகை வீடுகள் எழும்பின. சுவரை வேறெங்கோ வார்த்து, ஜன்னல் ஓட்டையோடு லோரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி வைத்தார்கள். காலையில் வெறும் மேடாக இருந்த இடத்தில் சாயங்காலம் ஓர் அறை நிற்கும். லயத்தில் ஒரே ஒரு கூரைத் தகரத்தை மாற்றச் சொல்லி வேலை மேய்க்கும் மண்டோர், ஆபீஸ் கிராணி என்று இரண்டு வருஷம் நடந்தவள் நான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். மழைத்தண்ணி பிடிக்கத் தொட்டி, கூரைமேல் வெயிலில் கரண்டு எடுக்கும் தகடு. வாடகையும் எனக்குக் கட்டுப்படியாகும். கீழ்த்தளத்து மூலை வீட்டை மனசுக்குள் என்னுடையதாக்கிக்கொண்டேன். முழங்காலுக்குப் படி ஆகாது.

வீடு கேட்டு எழுதிக்கொடுத்தேன். நேர்காணல் அன்று வீட்டு ஆபீஸ் மேசையில் இருந்தது கண்ணாடி போட்ட தமிழ்ப் பெண். எனக்குப் பின்னால் நாற்காலிகளில் லயத்துச் சனம் மொத்தமும்.

“பாட்டி, பிள்ளைங்க வீட்ல நீங்க தங்க இடம் இருக்கா?”

“ஏன் இல்லாம? ஆறு பேரும் வாம்மா வாம்மான்னுதான் கூப்பிடுறாங்க. பெரியவன் ரவாங்ல சொந்த வீடு வாங்கியிருக்கான், மூணு ரூம்.”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிய கையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி.”

“என்னத்த யோசிக்க? என் பிள்ளைங்களத் தெரியாதா எனக்கு?”

நான் சொன்னதை அப்படியே தட்டிவிட்டாள்.

அடுத்து என் பக்கத்து வீட்டுக்காரி. தீபாவளிக்குத் தீபாவளி “நாலு சிங்கம் பெத்தேன்” என்று பீற்றுகிறவள். மேசைமேல் சாய்ந்து, “எனக்கு யாருமே இல்லம்மா” என்று மூக்கைச் சிந்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

சாவி அவளுக்குக் கிடைத்தது. நான் கேட்ட அதே மூலை வீடு. என் பெயர் “போக இடம் உள்ளவர்கள்” பட்டியலில் இருந்தது.

“அக்கா, நீங்க மகன் வீட்ல ராணி மாதிரி இருக்கப் போறவங்க. உங்களுக்கு எதுக்கு லா இந்தக் குருவிக்கூடு?” என்றாள்.

நான் சொன்னதைத்தானே அவளும் சொன்னாள்.

லயத்தை இடித்தாயிற்று. இப்போது பெரியவன் வீட்டு ஹாலில் படுக்கிறேன். மூன்று ரூமில் எட்டுப் பேர். மருமகள் நல்லவள், ஆனால் விடியுமுன் நான் பாயைச் சுருட்டினால்தான் அவள் சமைக்கக் குசினிக்குப் போக வழி. அவளை ஏற்றும் பேக்டரி வேன் காத்திருக்காது. மற்ற ஐந்து பேரும் போனில் “வந்து பார்க்கிறோம்மா” என்கிறார்கள். வாம்மா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லியிருக்கவில்லை.

பெரியவன் மகள், என் பேத்திதான் மேல்முறையீட்டுத் தாள் கொண்டுவந்தாள். வீடு ஏன் வேண்டும் என்று எழுத அதில் அரைப்பக்கம் விட்டிருக்கிறது.

“இங்க இடம் இல்லன்னு எழுதுங்க பாட்டி. உண்மைதானே?”

“உங்கப்பன் மானம் என்னாகும்டி?”

மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்தேன். அந்த அரைப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அதற்குப் பதிலாக, பேத்தி, உன் பழைய கணக்கு நோட்டில் இதை எழுதிவிட்டேன்.

நாளைதான் கடைசி நாள் என்கிறாய். உங்கப்பா வேலை விட்டு வருவதற்குள் இதை எனக்கு வாசித்துக் காட்டு, அம்மாடி. சத்தமாக வேண்டாம், எனக்குக் கேட்டால் போதும். என் காதால் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், இதையே அந்தத் தாளோடு வீட்டு ஆபீசில் கொடுக்கலாமா என்று.