செங்கல் வைத்துப் பிடித்த இடம்

போன வருஷம், பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலைக்கு முந்தின நாளே, வலியசாலையில் எங்கள் வாசலுக்கு எதிரே மூன்று செங்கல் வைத்து நாத்தனாருக்கு இடம் பிடித்திருந்தேன். விடிந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒருத்தி அங்கே பானையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க நாத்தனாருக்குப் பிடிச்சு வெச்ச இடமாக்கும்" என்றேன், கடுப்போடு.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, எழும்புறன்" என்று உடனே எழுந்துவிட்டாள். இலங்கைத் தமிழ். எந்த ஊர் என்று கேட்டேன்.

"திருநெல்வேலிப் பக்கம் அகதி முகாம் அக்கா. பிறந்ததே அங்கதான். முகாமை விட்டு வெளிய வர பர்மிஷன் வாங்கிட்டுத்தான் வந்தன்." நான் கேட்காமலே பையிலிருந்து காகிதத்தை எடுக்கப் போனாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அதற்குள் வந்துவிட்ட நாத்தனார், "கல்லைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ மன்னி, ரெண்டு அடுப்புக்கு இடமிருக்கே" என்றாள்.

கோயிலில் ஏற்றும் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித்தான் எங்கள் தெருவுக்கு வரும். அன்று அவள் அடுப்பிலிருந்துதான் எங்கள் அடுப்புக்கு வந்தது. பானைகள் பொங்கியதும் சேர்ந்தே குரவையிட்டோம்.

இந்த நாட்டில் பிறந்தவள் கையில் அனுமதிக் காகிதம் இருந்தது. மாநகராட்சிச் சாலையை எங்களுக்கென்று பிடித்துவைத்த என் கையில் என்ன இருந்தது? மூன்று செங்கல்.

இந்த வருஷம் அவளுக்கும் சேர்த்துக் கல் வைத்திருக்கிறேன். பர்மிஷன் கிடைத்துவிட்டதாம்.