சாம்பல் அந்துப்பூச்சியின் தெற்கு எல்லை

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாகச் சீட்டு எழுதி வந்தவரை எல்லோரும் ‘ரெக்கை சார்’ என்றார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் தன்னம்பிக்கை அவருக்கு இருந்தது. ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுத வேண்டும். எல்லாம் மற்றவர்கள் பிடித்தவை. இவர் வெளியே போய் ஒரு பூச்சியையும் பிடித்ததில்லை, வெயில் ஆகாது. ஆனாலும் ஓய்வு பெறுவதற்குள் ஒரு சீட்டிலாவது தன் பெயர் வந்துவிட வேண்டுமென்று ஏங்கினார்.

பூச்சியே தேடி வந்தது. ஒரு காலை, அலுவலக ஜன்னலில் சாம்பல் அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. முன்சிறகில் மங்கலாக இரண்டு வெள்ளைப் பொட்டு, பின்சிறகு ஓரத்தில் நரைத்த மீசை போல மயிர். மற்றபடி துடைக்க மறந்த தூசி. ஆனால் வடக்கே நான்கு குளிர்மலைகளைத் தவிர வேறெங்கும் அதை யாரும் கண்டதில்லை. ரெக்கை சார் அதைப் பிடித்து ஊசியில் குத்தி, சீட்டில் தன் பெயரை எழுதி, அதன் எல்லையை ஒரே இழுப்பில் எழுநூறு கிலோமீட்டர் தெற்கே கொண்டுவந்தார். பூச்சிகளின் பரவல் வரைபடம் தயாரிக்கும் ஆசிரியருக்குக் கட்டுரை போனது. அதில் பருவநிலை மாற்றம் இரண்டு பக்கம், பூச்சி அரைப் பக்கம்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதை அரை மணி நேரம் விளக்கினார்.

“அதுவா? எங்கண்ணன் அனுப்பின பழப்பெட்டியில வந்ததுங்க. வைக்கோலப் பிரிச்சப்பவே நாலஞ்சு பறந்துச்சு. பெட்டி நல்லாருக்கு, சீட்டு போட்டு வைக்கலாம்னு ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே.”

“உங்கண்ணன் இருக்கறது...”

“அந்த மலையிலதான். போன தடவை போனப்போ சளி பிடிச்சு மூணு நாள் படுத்துக் கிடந்தீங்களே.”

சீட்டில் பொய்யில்லை. பிடித்த இடம் ஜன்னல்தான்; எப்படி வந்தது என்று எழுத அதில் இடமே கிடையாது. அவரை அறிந்தவர்கள் அவர் வாயை மூடிக்கொள்வார் என்றே சொல்லியிருப்பார்கள். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள், யோக்கியம் என்னும் பழக்கமில்லாத வியாதி முற்றி, உண்மையை எழுதி அனுப்பிவிட்டார்.

ஆசிரியர் அச்சான வரைபடத்தை அனுப்பி, கூடவே ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: கடிதம் தாமதமாகக் கிடைத்தது, அடுத்த பதிப்பில் உங்கள் புள்ளியை நீக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு வரி எழுதி உறுதிசெய்யவும்.

ரெக்கை சார் வரைபடத்தைப் பிரித்தார். நான்கு மலைகளுக்கும் வெகு கீழே, தன்னந்தனியாக, கடுகளவு புள்ளி. ஓரத்தில் அவர் பெயர்.

அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை. ஒரு தடவை யோக்கியனாக இருந்தாயிற்று, அதையே திரும்பவும் கேட்பது அநியாயம் என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.